அடுத்தவர் தோற்க வேண்டும்: திருகோணமலையில் கடைசி வாரக் கணக்கு

2023 செப்டெம்பர் 5ஆம் திகதி இரவு, லாகூர் கடாபி மைதானத்தில் ஆப்கானிஸ்தானின் ரஷீத் கான் பந்துவீச்சாளர் முனையில் நின்றபடி எதிர்முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசியக் கிண்ணத்தின் முதற்சுற்றில் இலங்கையுடனான கடைசி ஆட்டம் அது. இலங்கை 291 ஓட்டங்கள் எடுத்திருந்தது. ஆட்டத்தை வெல்ல ஆப்கானிஸ்தானுக்கு 50 ஓவர்கள் இருந்தன. அடுத்த சுற்றுக்குப் போவதற்கோ 37.1 ஓவர்களுக்குள் 292 எடுத்தாக வேண்டும். 37 ஓவர் முடிவில் 8 விக்கெட்டுக்கு 289. அடுத்த பந்தில் முஜீப் உர் ரஹ்மான் தூக்கி அடித்துப் பிடிகொடுத்தார். கதை முடிந்தது என்று ஆப்கான் அணி முடிவு கட்டிவிட்டது. கடைசியாக வந்த ஃபரூக்கி இரண்டு பந்துகளைத் தடுத்தாடினார். மூன்றாவது பந்தில் எல்.பி.டபிள்யூ. 289க்கு எல்லோரும் அவுட். இலங்கை 2 ஓட்டங்களால் வென்றது.

ஆனால் கதை முடிந்திருக்கவில்லை. 37.5 ஓவர்களில் 295 எடுத்திருந்தாலும் ஆப்கானிஸ்தான் தகுதி பெற்றிருக்கும். சமநிலைக்கு வந்துவிட்டு ஓர் ஆறு அடித்து, 38.1 ஓவரில் 297க்குப் போயிருந்தாலும் போதும். இந்தக் கணக்கு எங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று ஆட்டத்தின் பின் பயிற்சியாளர் ஜொனதன் ட்ரொட் சொன்னார். ஃபரூக்கி எப்படியாவது ஓர் ஓட்டம் எடுத்து அடுத்த பந்தை ரஷீத் கானிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இலங்கை ரசிகர்கள் யோசித்துப் பார்க்காமலிருப்பது நல்லது.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆப்கானிஸ்தான் முந்தைய ஆட்டத்தில் பங்களாதேஷிடம் 334 கொடுத்து 245 எடுத்திருந்தது. 245உம் 295உம் சேர்ந்தால் 540. அதை 87 ஓவர் 5 பந்தால் வகுத்து, கொடுத்த 625ஐ நூறு ஓவரால் வகுத்துக் கழித்தால் மைனஸ் 0.1020. இலங்கைக்கு அதே வழியில் மைனஸ் 0.1022. நான்காம் தசமத்தில் வரும் இரண்டு என்ற இலக்கம் ஒரு நாட்டை வீட்டுக்கு அனுப்பி இன்னொரு நாட்டைக் கொழும்புக்கு வரவழைத்திருக்கும். ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான். ஆனாலும் ஓர் அணியின் பயிற்சிக் குழு முழுவதும் அதைத் தவறவிட்டது. திருகோணமலையில் நான் அறிந்த தேத்தண்ணிக் கடைகள் சிலவற்றில் அதைத் தவறவிட்டிருக்க மாட்டார்கள். இது ஊர்ப்பெருமைக்காகச் சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் வேலை.

தொழில்முறைக் கிரிக்கெட்டில் திருகோணமலைக்கு அணி கிடையாது. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ள, யாழ்ப்பாணம் என்று ஐந்து ஊர்களின் பெயரில் அணிகள் வந்தன. கிழக்கு மாகாணத்துக்கு ஒன்றும் வரவில்லை. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, கடற்படையின் கிழக்குத் தலைமையகம், சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் என்று நாட்டின் பாதுகாப்புக்கும் பொருளாதாரத்துக்கும் பேசப்படுகிற ஊர், கிரிக்கெட் வரைபடத்தில் மட்டும் இல்லை. கிட்டிய சர்வதேச மைதானம் தம்புள்ள; சுமார் நூறு கிலோமீற்றர். கொழும்பு என்றால் இரவு ரயில்.

இந்த மாவட்டத்தின் மாலை நேரத்து விளையாட்டு உதைபந்தாட்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு சுற்றுப்போட்டி நடக்கிற அந்திக்கும் அதே நேரத்தில் தொலைக்காட்சியில் போகிற கிரிக்கெட்டுக்கும் கூட்டம் பிரியும். கிண்ணியாவிலும் மூதூரிலும் பந்தை உதைக்காத தெரு இல்லை. ஆனால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, ஓகஸ்ட் இறுதியில்தான் தடையை நீக்கியது. ஊர் லீக்கில் நம்பிக்கை வைக்கலாம்; அதற்கு மேலே ஏணி இல்லை. ஒரு பருவம் முழுவதும் புள்ளிப்பட்டியலைப் பார்த்து, கடைசி வாரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அனுபவம் வேண்டுமென்றால் வேறொருவரின் அணியைத்தான் கடன் வாங்க வேண்டும்.

யாரிடமிருந்து கடன் வாங்குவது என்பதில்தான் மாவட்டத்தின் முகம் தெரிகிறது. முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் நான்கில் ஒன்றுக்குச் சற்றுக் கூட. 2012 குடிசன மதிப்பீட்டின் படம் ஏறத்தாழ இதுதான். இலங்கை அணி, இந்திய அணி, பாகிஸ்தான் அணி, சென்னை, பெங்களூர், மும்பை, யாழ்ப்பாணம் எல்லாவற்றுக்கும் இங்கே ஆள் உண்டு. சமூகத்துக்கு ஓர் அணி என்று கோடு கிழித்துவிடலாம் என்று நினைத்து வருகிற வெளியூர்ப் பத்திரிகையாளர் ஏமாந்துபோவார். கந்தளாயில் தோனியின் படம் ஒட்டிய ஆட்டோவும் கிண்ணியாவில் கோலியின் பதினெட்டாம் இலக்கச் சட்டையும் ஓடித்திரிகின்றன. யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு முறை கிண்ணம் வென்றது. திருகோணமலைத் தமிழர் எல்லோரும் அதற்காகத் துள்ளிக் குதித்தார்கள் என்று சொன்னால் கிழக்கின் மனசு தெரியாதவர் சொன்னதாகத்தான் இருக்கும். யாழ் மத்திய கல்லூரியிலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்லில் ஆடியபோது அந்தப் பையனுக்காகப் பார்த்தார்கள். ஹைதராபாத்துக்காக அல்ல.

பருவத்தின் கடைசி வாரம் ரசிகரை என்ன செய்கிறது என்று முதலில் தீவிரமாக யோசித்தவர்கள் அமெரிக்க பேஸ்போல்காரர்கள். 162 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவம். ஏப்ரலில் தொடங்கினால் செப்டெம்பர் இறுதிவரை ஓடும். முன்னணியில் இருக்கும் அணிக்கு ‘மந்திர எண்’ என்று ஒன்று சொல்வார்கள். 163இலிருந்து முன்னணி அணியின் வெற்றிகளையும் துரத்துகிற அணியின் தோல்விகளையும் கழித்தால் வருவது அந்த எண். அது பூச்சியமானால் இடம் உறுதி. இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது இதுதான்: நம் வெற்றிக்கும் அடுத்தவர் தோல்விக்கும் சரிசமமான பெறுமதி. நம் அணி ஓய்வெடுக்கும் நாளிலும் எங்கோ இருக்கிற எதிரி தோற்றால் எண் ஒன்று குறையும். மைதானத்தில் ஒரு கண், வேறு ஊர் முடிவுகள் வரும் பலகையில் ஒரு கண் என்று இருக்கும் பழக்கம் அங்கே நூறாண்டுக்கு மேற்பட்டது. 1964இல் பிலடெல்பியா அணி பன்னிரண்டு ஆட்டங்கள் மீதமிருக்க ஆறரை ஆட்ட முன்னிலையில் இருந்தது. தொடர்ந்து பத்தில் தோற்றது. செயின்ட் லூயிஸ் முந்திவிட்டது. அந்நகரத்தார் ஒரு தலைமுறைக்கு எந்த முன்னிலையையும் நம்பாமலிருந்தார்கள் என்று சொல்வதுண்டு.

பொருளியலாளர் சைமன் ரொட்டன்பேர்க் 1956இல் பேஸ்போல் ஆட்டக்காரர்களின் தொழிற்சந்தை பற்றி எழுதிய கட்டுரையில், முடிவு நிச்சயமில்லாமல் இருந்தால்தான் கூட்டம் வரும் என்ற கருத்தை முன்வைத்தார். விளையாட்டுப் பொருளியல் இன்றுவரை அதைச் சுற்றித்தான் வருகிறது. எனக்கு அதில் ஒரு சந்தேகம். சந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் சரி. ஆனால் இதயம் பதறப் பதற உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டால், நிச்சயமின்மை வேண்டாம், நாலு நாளுக்கு முன்பே தகுதி பெற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் சொல்வான். அந்தப் பதற்றத்துக்கு உடலும் விலை கொடுக்கிறது. 2006 உலகக் கிண்ணக் காலத்தில் மியூனிக் வட்டாரத்தில் ஆராய்ந்த மருத்துவர்கள், ஜேர்மனி ஆடிய நாட்களில் இதயநோய் அவசர சிகிச்சைக்கு வந்தோர் 2.66 மடங்கு கூடியிருந்ததாக 2008இல் எழுதினார்கள். ஆண்களில் அது 3.26 மடங்கு. திருகோணமலைப் பொது மருத்துவமனையில் யாரும் இப்படி எண்ணிப் பார்த்ததாகத் தெரியாது, எண்ணினால் ஐ.பி.எல் மாதங்களைச் சேர்த்து எண்ண வேண்டும்.

பேஸ்போலில் வெற்றி தோல்வி மட்டும்தான். எவ்வளவு வித்தியாசத்தில் என்பது பட்டியலில் ஏறாது. கிரிக்கெட் அங்கே ஒரு குரூரத்தைச் சேர்த்துவிட்டது: நிகர ஓட்ட வீதம். தொடர் முழுவதும் நாம் எடுத்த ஓட்டங்களை நாம் ஆடிய ஓவர்களால் வகுத்து, அதிலிருந்து நாம் கொடுத்ததைக் கழிப்பது. எல்லா விக்கெட்டும் போனால் முழு ஓவரும் ஆடியதாகவே கணக்கு. இதனால் ஏப்ரல் மாதத்தில் வென்றுவிட்ட ஓர் ஆட்டத்தில் கடைசி இரண்டு ஓவரைச் சோம்பேறித்தனமாக ஆடியது, மே மாதத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும். 2010 ஐ.பி.எல்லில் சென்னை, பெங்களூர், டெல்லி, கொல்கத்தா நான்கும் 14 புள்ளியில் முடிந்தன. ஓட்ட வீதத்தால் முதல் இரண்டும் உள்ளே, மற்ற இரண்டும் வெளியே. அந்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி தர்மசாலாவில் கடைசி ஓவருக்கு 16 தேவைப்பட்டபோது தோனி இர்பான் பதானை இரண்டு ஆறு அடித்து முடித்துவிட்டு, தன் தலைக்கவசத்தில் தானே குத்திக்கொண்டார். தோனி அப்படி உணர்ச்சியைக் காட்டியது அபூர்வம். சென்னை அந்த ஆண்டுதான் முதன்முறை கிண்ணத்தை எடுத்தது. அந்த அணியில் முத்தையா முரளிதரன் இருந்தார் என்பது இங்கே முக்கியம்.

சென்னை என்ற கடனுக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. முரளிதரன் கண்டி மலையகத்துத் தமிழர். மணம் முடித்தது 2005இல் சென்னையில், மதிமலர் ராமமூர்த்தியை. 2008 முதல் மூன்று பருவம் மஞ்சள் சட்டை. முரளிதரன் மூலமாக இலங்கைத் தமிழர் பலருக்கும் சிங்களவர் பலருக்கும் ஒரே அணியில் ஒரே நேரத்தில் நம்பிக்கை வைக்க முடிந்தது. 2013 மார்ச்சில் அது உடைந்தது. போரின் இறுதிக்கட்டம் குறித்த கோபம் தமிழ்நாட்டில் கொழுந்துவிட்டிருந்த மாதம். இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக் கூடாது என்று முதலமைச்சர் ஜெயலலிதா பிரதமருக்கு எழுதினார், ஐ.பி.எல் நிர்வாகம் அப்படியே முடிவெடுத்தது. அப்போது பெங்களூர் அணியிலிருந்த முரளிதரனும் தன் மாமனார் ஊரில் பந்துவீச முடியாதவரானார். ஈழத்தமிழருக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கை, ஒரு தமிழரைத்தான் முதலில் தொட்டது. திருகோணமலையில் அதை நியாயம் என்றவர்களும் இருந்தார்கள், தலையில் அடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இரு சாராரும் சென்னை அணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தாண்டு கழித்து மகீஷ் தீக்ஷணவும் மதீஷ பத்திரணவும் சேப்பாக்கத்தில் பந்துவீசியபோது அரங்கம் முழுவதும் அவர்கள் பெயரைக் கூவியது. 2023இல் பத்திரண 19 விக்கெட் எடுத்தார், சென்னை கிண்ணம் எடுத்தது. மனிதர்கள் மறந்தார்களா மன்னித்தார்களா என்று பெரிதாக யோசிக்கத் தேவையில்லை. கடைசி நாலு ஓவரை வீச ஆள் கிடைத்தால் ரசிகர் எதையும் தள்ளிவைப்பார்.

இனி 2024 மே 18.

லீக் கட்டத்தில் நான்காம் இடம் ஒன்றே மிச்சம். சென்னையிடம் 14 புள்ளி, பெங்களூரிடம் 12. பெங்களூர் முதல் எட்டு ஆட்டத்தில் ஒன்றைத்தான் வென்றிருந்தது. பிறகு தொடர்ந்து ஐந்து. சின்னசாமி மைதானத்தில் இருவரும் நேருக்கு நேர். சென்னை வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. பெங்களூர் முதலில் ஆடினால் 18 ஓட்ட வித்தியாசத்திலாவது வெல்ல வேண்டும். அதற்குள் தோற்றால் சென்னை உள்ளே. ஆகவே சென்னை ரசிகரின் வேண்டுதல் ‘தோற்றாலும் பரவாயில்லை, கொஞ்சமாகத் தோற்க வேண்டும்’ என்று ஆகிவிட்டது. இப்படியொரு நேர்த்தியைக் கோணேசர் இதற்குமுன் கேட்டிருப்பாரா தெரியாது.

உள்துறைமுக வீதியை ஒட்டிய ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடையில் அன்றிரவு நானும் இருந்தேன். பதினைந்து பேருக்கு இடமுள்ள கடையில் முப்பது பேர். கடைக்காரர் கடன் எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்: அவன் 180 என்றால் நமக்கு 163, அவன் 200 என்றால் நமக்கு 183, அவன் 220 என்றால் நமக்கு 203. ஆரம்பத்தில் மழை வந்து ஆட்டம் நின்றபோது அந்தப் பக்கம் முழுவதும் வீணாகிவிடும் என்று அவருக்குப் பயம். ஓவர் குறைந்தால் கணக்கு மாறும். மழை விட்டதும் பெங்களூர் 5 விக்கெட்டுக்கு 218. கொப்பியில் 201 என்று எழுதி இரண்டு கோடு போட்டார். திரையில் வெற்றி இலக்கு 219 என்று காட்டினார்கள். கடைக்குள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

பக்கத்து வாங்கில் கிண்ணியாவிலிருந்து வந்த ஆட்டோக்காரத் தம்பி. அவர் பெங்களூர், கோலிக்காக. சுவரோரமாகச் சாதாரண உடுப்பில் கடற்படை டொக்யார்ட் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள இளைஞர். அவர் சென்னை. பத்திரணவுக்காகப் பார்க்கத் தொடங்கியவர்; பத்திரண தொடைத்தசைக் காயத்தோடு இரண்டு வாரத்துக்கு முன்பே நாடு திரும்பிவிட்டார், இவர் மட்டும் சென்னையை விட்டுத் திரும்பவில்லை. கடைசி ஓவருக்கு முன் சென்னை 184. வெல்ல 35 வேண்டும், உள்ளே போக 17. பந்து யாஷ் தயாளிடம். முந்தைய ஆண்டு ஏப்ரலில் கொல்கத்தாவின் ரிங்கு சிங் இவரைத்தான் தொடர்ந்து ஐந்து ஆறு அடித்தார்.

“அவன்தான் போடுறான் மச்சான், பயப்பிடாத” என்றார் கடைக்காரர்.

முதல் பந்து 110 மீற்றர் பறந்து மைதானத்துக்கு வெளியே போனது. கடையில் ஒரு கண்ணாடிக் கோப்பை உடைந்தது. இனி ஐந்து பந்தில் பதினொன்று, முனையில் தோனி, மறுமுனையில் ஜடேஜா. யார் கணக்குப் போட்டாலும் சென்னைப் பக்கம்தான் வரும். ஆனால் பழைய பந்து தொலைந்துவிட்டது. ஈரத்தில் நனைந்து வழுக்கிக்கொண்டிருந்த பந்துக்குப் பதில் நடுவர் உலர்ந்த பந்தொன்றைக் கொடுத்தார். கையில் பிடிபட்டது. அடுத்தது மெதுவான பந்து. தோனி அடித்தார், எல்லையோரத்தில் பிடி. மிச்ச நாலு பந்தில் ஓர் ஓட்டம் மட்டும். 191. அந்த ஆறு மைதானத்துக்கு வெளியே போனதுதான் தங்களுக்கு நல்லதாகப் போனது என்று பெங்களூரின் தினேஷ் கார்த்திக் பின்னர் வேடிக்கையாகச் சொன்ன விஷயத்தைக் கடைக்காரர் அங்கேயே, அந்தக் கணத்திலேயே சொல்லிவிட்டார். “பந்த மாத்தினதுதான் பிழை.” ஆட்டோக்காரத் தம்பி கத்தவில்லை. காசைக் கொடுக்கும்போது, “அண்ணே, கோப்பைக் காசையும் எடுங்கோ” என்றார். உடைத்தது அவரில்லை.

இறுதிப் பட்டியலில் பெங்களூர் 0.459, சென்னை 0.392. நான்கு நாள் கழித்து பெங்களூரும் ராஜஸ்தானிடம் தோற்று வெளியேறியது.

அந்த நாளைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. மே 18 இந்தக் கரையில் ஐ.பி.எல்லுக்கு மட்டும் உரிய திகதி இல்லை. போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். அதற்கு முந்தைய வாரம் சம்பூர்ப் பக்கத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைதாகியிருந்தார்கள். அன்று காலையில் விளக்கேற்றிவிட்டு இரவில் கிரிக்கெட் பார்த்தவர்கள் அந்தக் கடையில் இருந்தார்கள். இதை முரண்பாடு என்று சொல்கிறவர்கள் சாவு வீட்டில் சாப்பாடு போடுவதையும் முரண்பாடு என்பார்கள். என்னை உறுத்தியது வேறு: காலையில் எதற்காக விளக்கேற்றினார் என்பதை அந்த வாங்கில் ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை. எந்த அணியின் தோல்வியை விரும்புகிறேன் என்பதை மட்டும் எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள்.

சத்தமாகச் சொல்லக்கூடிய நம்பிக்கை எது, சொல்லக்கூடாதது எது என்ற கேள்வி இந்த ஊரில் கிரிக்கெட்டோடு ஒட்டியே வந்தது. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், தெற்காசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கிலாந்து அணியை ஆதரிக்கிறார்களா என்று பார்த்தால் அவர்களின் விசுவாசம் தெரியும் என்று சொல்லிக் கண்டனம் வாங்கினார். இலங்கையில் அந்தச் சோதனையை யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் போர்க்காலத்தில் இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்த கதையை ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் யாரிடமும் கேட்கலாம். பாகிஸ்தான் ஆடும் நாளில் முஸ்லிம்களைப் பற்றியும் இதே சந்தேகம் சொல்லப்பட்டது. காவலரணுக்குக் கேட்கிற தூரத்தில் கைதட்டுவது என்பது விளையாட்டு விஷயமாக இருக்கவில்லை.

அப்படியிருந்தும் 1996 மார்ச் 17ஆம் திகதி அர்ஜுன ரணதுங்கவின் அணி லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்றபோது மகிழ்ந்த தமிழ் வீடுகள் நிறைய. ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்து, ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்த தொடர் அது. ஆடாமலே கிடைத்த புள்ளிகளோடு இலங்கை முன்னேறியது. 2007 ஏப்ரல் 28இல் பார்படோஸில் நடந்த இறுதியாட்டம் இலங்கை நேரத்தில் நள்ளிரவைத் தாண்டியது. அதே இரவில் புலிகளின் விமானங்கள் கொழும்புப் பகுதி எண்ணெய் நிலையங்களைத் தாக்க, தலைநகரில் மின்சாரம் அணைக்கப்பட்டது. ஒரு தீவு ஒரே இரவில் இரண்டு வானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரொபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றியது. தங்கள் கல்லூரி வென்ற வார இறுதிக்குப் பிறகு கல்லூரிச் சின்னம் பொறித்த சட்டையை அதிகம் பேர் அணிந்தார்கள். வென்றால் ‘நாங்கள்’, தோற்றால் ‘அவர்கள்’ என்று பேசினார்கள். இலகுவாகச் சொன்னால், வெற்றியில் ஒட்டிக்கொள்வது, தோல்வியில் கழன்றுகொள்வது. இதைத் திருகோணமலைக்குப் பொருத்திப் பார்த்தால் பாதிதான் பொருந்துகிறது. அணியைக் கடன் வாங்கியவன் தோல்வியில் எளிதாகக் கழன்றுகொள்ள வேண்டும், இல்லையா? நான் பார்த்த வரையில் அப்படியில்லை. பிறந்த ஊரால் கிடைத்த அணியை ஒருவர் திட்டலாம், மறுதலிக்கலாம். அது எங்கும் போகாது. தானாகத் தெரிவு செய்த அணியை விட்டால், ‘ஏன் அதைப் பிடித்தாய்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கடன் வாங்கிய ரசிகர் கணக்கை இறுகப் பிடிக்கிறார். உணர்ச்சியால் உரிமை கோர முடியாத இடத்தில் அறிவால் கோருகிறார். ஓட்ட வீதம் மூன்றாம் தசமம் வரை தெரிந்திருப்பது இங்கே ஒருவிதக் குடியுரிமைப் பத்திரம். லாகூரில் ட்ரொட்டின் குழு தவறவிட்ட கணக்கு இங்கே தவறாது என்று தொடக்கத்தில் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

இலங்கை அணிக்கு அந்த 2023 செப்டெம்பர் எப்படி முடிந்தது என்பதையும் பார்க்கலாம். ஆப்கானிஸ்தானிடமிருந்து இரண்டு ஓட்டத்தில் தப்பிய அணி, செப்டெம்பர் 14ஆம் திகதி பாகிஸ்தானுக்கு எதிராக மழையால் குறைந்த ஆட்டத்தில் கடைசிப் பந்துக்கு இரண்டு தேவை என்ற நிலையில் சரித் அசலங்கவின் கையால் வென்றது. நகரமே நித்திரை கொள்ளவில்லை. 17ஆம் திகதி கொழும்பில் இறுதியாட்டம். மொஹமட் சிராஜ் 21 ஓட்டத்துக்கு 6 விக்கெட், இலங்கை 15.2 ஓவரில் 50க்கு முடிந்தது, இந்தியா 6.1 ஓவரில் முடித்துக்கொண்டு கிளம்பியது. பின்னேரத் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவதற்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. பத்து நாளாகச் சேர்த்து வைத்த பதற்றத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஆட்கள் கலைந்தார்கள்.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் கசப்பான ஓட்டப்பந்தயம் வந்தது, பட்டியலின் அடியில். 2023 உலகக் கிண்ணத்தில் முதல் எட்டு இடத்துக்குள் வந்தால்தான் 2025 சாம்பியன்ஸ் கிண்ணத்துக்குப் போகலாம். அரையிறுதி ஆசை எப்போதோ போய்விட்டிருக்க, எட்டாம் இடத்துக்காகப் பங்களாதேஷ் தோற்க வேண்டும், நெதர்லாந்து தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். 9ஆம் இடம். நவம்பர் 10ஆம் திகதி இலங்கைக் கிரிக்கெட் சபையே சர்வதேசச் சபையால் இடைநிறுத்தப்பட்டது. மேலே ஏறும் பந்தயத்தில் பதற்றத்தோடு ஒரு மகிழ்ச்சியும் கலந்திருக்கும். கீழே விழாமலிருக்கும் பந்தயத்தில் பதற்றம் மட்டும்தான். அதற்கு விளக்கம் எழுத மனசு வரவில்லை.

2025 ஐ.பி.எல்லில் சென்னை கடைசி இடம், வரலாற்றில் முதன்முறை. கணக்குப் போட ஒன்றுமே இல்லாத பருவம். ஏப்ரல் முடிவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிட்டது. பெங்களூர் பதினெட்டாம் ஆண்டில் முதற்கிண்ணத்தை எடுத்தது. ஆட்டோக்காரத் தம்பி மூன்று நாள் அந்தச் சட்டையைக் கழற்றவில்லை என்று கேள்வி. நவம்பரில் சென்னை பத்திரணவை விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடி இந்திய ரூபாய்க்கு அவரை எடுத்தது. ஒரு தேத்தண்ணிக் கடையில் தமிழரையும் சிங்களவரையும் ஒரே பக்கத்தில் உட்கார்த்திவைத்த ஆள், இனி எதிர்ப்பக்கம். டொக்யார்ட் இளைஞர் அணி மாறுவாரா, சென்னையிலேயே நிற்பாரா என்று கடையில் பந்தயமே கட்டப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்குக் குழப்பம் இல்லை.

“பத்திரண நாலு விக்கெட் எடுக்கட்டும். சென்னை வெல்லட்டும். ரெண்டுக்கும் இடமிருக்குத்தானே?”